வெள்ளிக்கிழமையும் பூட்டிய கோப்பும்

துபாயில் வெள்ளி விடுமுறையாக இருந்த காலத்தில், சென்னைக் கிளைக்கு அது வேலைநாள். அன்று பேக்கப் ஓடவிட்டால், அங்கிருந்து தொலைவழியே நுழைந்தவர் திறந்து வைத்த கணக்குக் கோப்பு பூட்டியே கிடக்கும். நகலெடுக்கும் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். மறுநாள் பார்த்தால் எல்லாம் இருக்கும், வேண்டிய கோப்பு மட்டும் இராது.

பூட்டு எதற்கு? எழுதிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்தால் வரவு பதிந்து பற்று பதியாத அரைகுறைதான் கிடைக்கும். சர்வரில் 'ஓப்பன் ஃபைல்ஸ்' பட்டியலைப் பார்த்து இணைப்பை வெட்டலாம்தான். சேமிக்காத பதிவுகள் போய்விடும் என்பதால் எனக்கு அதில் உவப்பில்லை. முதலில் சென்னைக்கு ஒரு போன் போடுவேன். (டீ குடிக்கப் போனவர் திரையை மூடியிருக்க மாட்டார்!)

தரவுத்தளத்தின் சொந்த பேக்கப் கட்டளையே உத்தமம்; விண்டோஸ் சர்வர் 2003 முதல் உள்ள ஷேடோ காப்பியும் கைகொடுக்கும். 2022 முதல் அமீரக அரசு அலுவலகங்களுக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. பழைய வெள்ளி அட்டவணை உங்கள் சர்வரில் இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள்.