பட்டாளத்துக்குப் போகிறவனும் வீட்டுத் துப்பாக்கியும்

ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூர். விடுமுறைக்கு வந்த சிப்பாய் ஒருவன் மறுநாட் காலை ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறிப் போளூருக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே எல்லைப்புறத்திற்குப் போக வேண்டியவன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி கட்டியாகிவிட்டது. தாயாரிடம் ஆசீர்வாதமும் பெற்றாகிவிட்டது. கூரையின் உட்புறத்தில் செருகியிருக்கும் துப்பாக்கி ஒன்றுதான் பாக்கி. அதற்கு அவன் பேரில் லைசென்சு இருக்கிறது. "தம்பி, இதைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள்" என்கிறான். "ஆகட்டும், அண்ணா" என்கிறான் இளையவன்.

அண்ணன் தம்பியரிடையே இதைவிட இயற்கையான பேச்சு வேறு இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் இருவரும் அந்தக் கணத்திலேயே குற்றத்தின் வாசலில் நிற்கிறார்கள். இதை அறிந்தவர் மலையிலும் சிலர், சமவெளியிலும் சிலரே. ஆகவேதான் இன்று இவ்விஷயத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று ஜில்லாக்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் புளியும் சேகரித்து ஜீவிப்பவர்கள். கதிர் முற்றும் காலத்தில் காட்டுப் பன்றிக் கூட்டம் ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் வருஷத்து உழைப்பை உழுது போட்டுவிடும். அதனால்தான் அம்மலையில் நாட்டுத் துப்பாக்கி ஒரு பண்டமாக நிலைத்தது. மலையடிவாரத்து நாடோ பட்டாளத்திற்குப் பெயர் போனது. வேலூருக்குத் தெற்கே உள்ள கம்மவான்பேட்டையைப் போல், வீடு தவறாமல் சிப்பாய்களைத் தந்த கிராமங்கள் இப்பிரதேசத்தில் உண்டு. துப்பாக்கியுள்ள வீடும் சிப்பாயுள்ள வீடும் ஒன்றாகும்போதுதான் நாம் சொல்லும் சங்கடம் பிறக்கிறது.

சட்டம் சொல்வது என்ன? 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, லைசென்சு என்பது வீட்டுக்கு உரியதன்று; ஆளுக்கு உரியது. சிப்பாய்க்குச் சர்க்கார் கொடுத்த துப்பாக்கி வேறு. அவன் சொந்தத் துப்பாக்கி வேறு. முன்னதற்கு உத்தியோகக் கடமை என்ற பாதுகாப்பு உண்டு. பின்னதற்கு அவனும் மற்றக் குடிகளைப் போல் லைசென்சு பெற்றே தீரவேண்டும். லைசென்சுக்காரர் எழுத்து மூலம் அதிகாரம் கொடுத்தால், பழுது பார்க்கவோ, லைசென்சைப் புதுப்பிக்கவோ, அவருடைய உபயோகத்திற்காகவோ வேறொருவர் ஆயுதத்தை எடுத்துச் செல்லலாம். அவ்வளவே விலக்கு. மாதக்கணக்கில் தம்பி வைத்துக்கொள்ள அதில் இடமில்லை. உரிமையற்றவனிடம் ஆயுதத்தைக் கொடுப்பதும் குற்றம். லைசென்சின்றி அதை வைத்திருப்பதும் குற்றம். 2019ஆம் வருஷத்துத் திருத்தத்திற்குப் பின், லைசென்சின்றிச் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதற்கே இரண்டு வருஷம் முதல் ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. தேசத்தைக் காக்கப் போனவன் திரும்பி வரும்போது தம்பி சிறையில் இருந்தால், அந்தக் குடும்பத்திற்கு யார் ஆறுதல் சொல்வது?

பின் அவன் செய்யத்தக்கது யாது? மூன்று வழிகள் உண்டு. சமீபத்திலுள்ள போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். பாதுகாப்புக்கு ஆயுதம் வாங்கிவைக்க அனுமதி பெற்ற வியாபாரியிடம் கொடுத்துவைக்கலாம். மூன்றாவது வழி சிப்பாய்க்கே உரியது: மேலதிகாரியின் சம்மதத்தோடு தன் படைப்பிரிவின் ஆயுதச்சாலையில் வைக்கலாம். லைசென்சு காலாவதியாகி ஆயுதம் வைத்திருக்கும் உரிமை போய்விட்டால், இவ்விடங்களில் ஒன்றில் தாமதமின்றி ஒப்படைப்பது கட்டாயம் என்கிறது சட்டத்தின் 21ஆவது பிரிவு. எல்லையில் இருப்பவனுக்கு லைசென்சு முடியும் தேதி நினைவிலிராது. ஆகையால் உரிமை இருக்கும்போதே ஒப்படைத்துவிட்டுப் போவது விவேகம்.

ஒப்படைக்கும்போது ரசீது பெறாமல் திரும்பக் கூடாது. துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் தொகை, தேதி, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து ஆகிய நான்கும் ரசீதில் இருக்கவேண்டும். பிரதியொன்றை வீட்டில் வைத்துவிட்டு மற்றொன்றைச் சிப்பாய் கூடவே கொண்டுபோவது நலம். ஈசுவரன் காக்கட்டும், ஒருக்கால் அவன் திரும்பாவிட்டால், அதை விற்கவோ, உரிய லைசென்சு பெற்றுத் திரும்ப வாங்கவோ அவன் வாரிசுகளுக்கு உரிமை உண்டு. விதித்த காலம் கடந்து கேட்பாரற்றுக் கிடந்தாலோ, ஜில்லா மாஜிஸ்திரேட்டின் உத்தரவால் அது சர்க்காருக்குச் சேர்ந்துவிடும். ரசீது இல்லாத விதவை எந்த வாசலில் போய் நிற்பாள்?

கொடுக்குமுன் துப்பாக்கியைத் தயார் செய்வதும் முக்கியம். மலையில் உள்ளவை பெரும்பாலும் குழாயின் வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகள். கெட்டித்த மருந்தை வெளியே எடுப்பது எளிதன்று என்பதால், அப்படியே மாட்டிவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் அது தூங்கும் பாம்பு. தெரிந்தவர் கையால் மருந்தை முற்றும் அகற்றவேண்டும். கரிமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். வெந்நீரால் கழுவி, நன்றாய் உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். தோலுறையில் நெடுநாள் வைத்தால் அதுவும் ஈரம் பிடித்துத் துருவேற்றும்.

சில சிப்பாய்கள் குடும்பத்தோடு வசிக்கும் ஊருக்குத் தம் துப்பாக்கியையும் கொண்டுபோக விரும்புவார்கள். லைசென்சு இந்த ராஜ்யத்திற்கு மட்டும் செல்லுமா, இந்தியா முழுமைக்கும் செல்லுமா என்று முதலில் பார்க்கவேண்டும். முப்பது நாளுக்கு மேல் வேற்றூரில் தங்கி ஆயுதத்தையும் உடன் வைத்திருந்தால், முப்பது நாளுக்குள் அவ்விடத்து லைசென்சு அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வழியில் துப்பாக்கி காலியாய் உறைக்குள் இருக்க, தோட்டா தனியே இருக்க, லைசென்சு கையிலிருக்க வேண்டும். லாரிக்காரரிடமோ, ஊருக்குப் போகும் நண்பரிடமோ கொடுத்தனுப்புவது தானே விலங்கை வாங்கி மாட்டிக்கொள்வதாகும்.

இவ்வளவும் லைசென்சு உள்ளவர்க்குச் சொன்னோம். மலையில் லைசென்சில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இருப்பதை நாம் அறியாமலில்லை. அவற்றைத் தாமாக ஒப்படைக்கும்படி போலீசார் மலைக் கிராமங்களில் அறிவித்தும் வந்திருக்கிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் பாதி காரியமே. பயிர்ப் பாதுகாப்பிற்காக வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க அதே 1959ஆம் வருஷத்துச் சட்டம் தனியாக இடம் வைத்திருக்கிறது. வன விலங்கைக் கொல்ல அது அனுமதியன்று; 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் தனியே நிற்கிறது. ஆயினும் வெடியோசையால் விளைச்சலைக் காத்துக்கொள்ளும் ஏழை, அந்த லைசென்சுக்காக மலையிறங்கிக் கச்சேரி கச்சேரியாய் அலைய முடியுமா? குடகு நாட்டவருக்கு லைசென்சே வேண்டாமென்ற விலக்கு 2029 அக்டோபர் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவ்விலக்கை ஜவ்வாது மலைக்கு நாம் கேட்கவில்லை. கேட்பது நன்மையென்றும் நினைக்கவில்லை. வருஷத்திற்கு ஒரு முறையாவது லைசென்சு அதிகாரி ஜமுனாமரத்தூருக்கு ஏறிவந்து, விண்ணப்பம் வாங்கி, புதுப்பித்து, ஒப்படைப்பவர்க்குக் கையோடு ரசீது தரவேண்டும் என்பதே நம் கோரிக்கை.

1878ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம், இந்தியனை நம்பத் தகாதவன் என்று முத்திரை குத்தியது. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் அதை எதிர்த்துத் தீர்மானம் செய்தது. 1931இல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமகனின் உரிமைகளில் ஒன்றாக எண்ணியது. அன்று நம்பிக்கையைக் கேட்டோம். இன்றைய சட்டம் நம் பிரதிநிதிகள் செய்தது. அந்த நம்பிக்கைக்கு நாம் பாத்திரர் என்று காட்டும் இடம், ஊருக்குப் புறப்படும் சிப்பாய் போலீஸ் ஸ்டேஷன் மேஜையின்மேல் தன் துப்பாக்கியை வைத்து ரசீது கேட்கும் இடந்தான். அவன் கேட்கட்டும், சர்க்கார் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும்.