கண்மாய்ச் சேறு பிடித்து வைத்திருப்பது

செண்பகத்தோப்பு ஓடையில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். மலையிறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு வந்தால் தண்ணீர் கலங்கிவிடுகிறது. தெளிவா, கலங்கலா என்று பார்த்தே தண்ணீரை எடைபோட்டுப் பழகிவிட்டோம். ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற கன உலோகங்களிடம் இந்தக் கணக்குச் செல்லாது. அவை களிமண் துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்துவிடும். மேல்தண்ணீரை மட்டும் அள்ளிச் சோதித்தால் குறைவாகத்தான் காட்டும்.

படிந்தது அங்கேயே கிடக்குமா? வற்றிவரும் கண்மாயில் கால் வைத்துப் பாருங்கள். மேலே மெல்லிய செம்பழுப்புப் படலம். அதற்குக் கீழே கரிய சேறு, அழுகிய முட்டை வாடை. மேற்படலத்துக்கு நிறம் கொடுப்பது இரும்புத் துரு. ஆக்சிஜன் இருக்கும்வரை துரு கரையாது. ஈயமும் துத்தநாகமும் ஆர்சனிக்கும் அதைப் பற்றிக்கொண்டிருக்கும். சாக்கடை கலந்து, பாசி பெருகி மடிந்து, அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோனால் சில நுண்ணுயிரிகள் துருவை வைத்தே சுவாசிக்கத் தொடங்குகின்றன. துரு கரைகிறது. ஒட்டியிருந்த உலோகமும் விடுபட்டுத் தண்ணீருக்கு ஏறுகிறது.

கரிய சேற்றில் நடப்பது நேரெதிர். அங்கே கந்தகம் பல உலோகங்களைச் சல்பைடாக்கிக் கட்டிப்போடுகிறது. அதே சேற்றை அள்ளிக் கரையில் காயப்போட்டால் காற்றுப் பட்டுச் சல்பைடு சிதைகிறது, அமிலமும் உண்டாகலாம். கட்டுண்டிருந்த உலோகத்தை அடுத்த மழை கழுவிக்கொண்டு போகும்.

பாதரசத்தின் கதை இன்னும் கவலைக்குரியது. கொடைக்கானலில் 1980களில் தொடங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. அதன்பின் ஆய்வாளர்கள் கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் மூன்றையும் சோதித்தார்கள். 2006இல் முடிவு வெளியானது. சேற்றிலிருந்த பாதரசத்தில் சுமார் 6 சதவீதம் மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது. தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரியில் இது 3 முதல் 4, கூக்கல் ஏரியில் 2. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் செய்யும் வேலைதான் இந்த மாற்றம். மெத்தில் பாதரசம் மீனின் தசையில் சேரும்; சிறு மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். தாய் உண்டால் கருவிலுள்ள குழந்தையின் மூளையைத் தாக்கும். ஆலை மூடிய பிறகும் அந்த ஏரி மீனில் பாதரசம் கூடுதலாகவே இருந்தது. ஆலைக் கதவைப் பூட்டியதோடு விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தூர்வார வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வண்டல் வயலுக்கு நல்லது; காலங்காலமாகப் போட்டுவருகிறோம். ஆனால் சாயக்கழிவோ சாக்கடையோ சேரும் கண்மாய் என்றால், டிராக்டரில் ஏற்றும் முன்பே சேற்றைச் சோதித்தாக வேண்டும். மேற்படலத்தையும் கரிய சேற்றையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். உலோகம் எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், புட்டி நிரம்ப அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, குளிர்ச்சியாகக் கொண்டுபோக வேண்டும். வழியில் காற்றுப் பட்டால், கண்மாயில் இருந்த நிலையிலேயே அது ஆய்வகம் போய்ச் சேராது.