வீட்டுக்கு ஜெனரேட்டர்: நாமே செய்தால் எங்கே காசு மிச்சம், எங்கே ஆபத்து?

2016 வர்தா, 2018 கஜா, 2023 மிக்ஜாம், 2024 ஃபெஞ்சல். ஒவ்வொரு புயலுக்கு அப்புறமும் நிறைய பேர் கேட்கிற கேள்வி இது: "வீடு முழுசுக்கும் ஜெனரேட்டர் போடலாம்னு இருக்கேன். மெஷின் வாங்கி நானே கனெக்‌ஷன் கொடுத்துட்டா எலக்ட்ரீஷியன் கூலி மிச்சம்தானே?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். நாமே செய்து மிச்சம் பிடிக்க வேண்டிய வேலை பேப்பரில் இருக்கு, ஒயரில் இல்லை. லோட் கணக்கை நீங்களே போட்டால் பெரிய தொகை மிச்சம். ஒயரிங்கை நீங்களே செய்தால் சின்னத் தொகை மிச்சம், ஆனால் ரிஸ்க் உயிர் அளவுக்குப் பெரிசு. எப்படின்னு பார்க்கலாம்.

முதல் கணக்கு: உங்களுக்கு எத்தனை கேவிஏ வேணும்?

ஒரு உதாரண வீடு எடுத்துக்குவோம். 4 ஃபேன் (தலா 75 வாட்ஸ்), 8 எல்இடி லைட் (தலா 10), ஃப்ரிட்ஜ் 150, டிவியும் வைஃபையும் சேர்த்து 120. மொத்தம் 650 வாட்ஸ். இதோட 1 ஹெச்பி தண்ணி மோட்டார் ஏறக்குறைய 1,000, ரெண்டு ஏசி 3,000, கீசர் 2,000, இண்டக்‌ஷன் அடுப்பு 2,000.

எல்லாத்தையும் ஒரே நேரத்தில் ஓட்டணும்னா 8,650 வாட்ஸ். ஜெனரேட்டரில் பொதுவா கேவிஏவை 0.8 ஆல் பெருக்கினால்தான் கிலோவாட் வரும். அப்படிப் பார்த்தா இந்த வீட்டுக்கு 10 கேவிஏ கூடப் பத்தாது. "வீடு முழுசுக்கும்"னு நீங்க சொன்னால், கடைக்காரர் இந்தக் கணக்கைத்தான் போடுவார். அவர் மேல தப்பில்லை, நீங்க கேட்டது அதுதான்.

இப்போ நாம ஒரு கணக்கு போடுவோம். கரண்ட் இல்லாத நேரத்தில் கீசரும் இண்டக்‌ஷனும் கிடையாது, கேஸ் அடுப்பு இருக்கு. ஏசி ஒண்ணு மட்டும். மோட்டார் ஓடும்போது ஏசி ஆஃப். மோட்டார் ஸ்டார்ட் ஆகிற சில விநாடி அது எடுக்கிற பவர் மூணு மடங்கு, சில மோட்டாரில் அதுக்கும் மேலே போகும். மூணு மடங்குன்னு வச்சுக்கிட்டா 650 + 3,000 = 3,650 வாட்ஸ். 5 கேவிஏ மெஷின் 4,000 வாட்ஸ் தரும். போதும், ஆனால் இடைவெளி கம்மி. அதனால மோட்டாரோட ஸ்டார்ட்டிங் கரண்ட்டை மட்டும் வாங்கறதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனை வச்சு அளந்துடுங்க.

10 கேவிஏக்கு மேல் தேவைப்பட்ட வீடு 5 கேவிஏவுக்கு வந்தாச்சு. ரெண்டுக்கும் கொட்டேஷன் வாங்கிப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அந்த வித்தியாசத்துக்கு முன்னாடி ஒயரிங் கூலி ஒண்ணுமே இல்லைன்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது கணக்கு: ஜெனரேட்டரே வேணுமா?

டீசல் லிட்டர் 92 ரூபாய்னு வைங்க. நல்ல லோடில் ஓடினால் ஒரு லிட்டருக்கு சுமார் 3 யூனிட் கிடைக்கும். அதாவது எரிபொருளுக்கு மட்டும் யூனிட்டுக்கு 30 ரூபாய்க்கு மேல். ரெண்டு ஃபேனுக்காக ஓட்டினால் இன்னும் மோசம், ஏன்னா லோடு குறைகிற அளவுக்கு டீசல் செலவு குறையாது.

இன்வெர்ட்டரைப் பாருங்க. 12 வோல்ட், 150 ஏஹெச் பேட்டரியில் 1,800 வாட்-ஹவர் இருக்கு. பேட்டரியை முழுசா இறக்கக் கூடாது, இன்வெர்ட்டரிலும் இழப்பு உண்டு. கைக்கு வர்றது 1,150 வாட்-ஹவர் மாதிரி. 300 வாட்ஸ் லோடுன்னா மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும்.

அதனால கடந்த ஒரு வருஷத்தில் உங்க தெருவில் ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் கரண்ட் போச்சுன்னு குறிச்சுப் பாருங்க. பெரும்பாலும் மூணு மணி நேரத்துக்குள்ளன்னா இன்வெர்ட்டர் போதும். புயல் பாதைக்குள்ள வர்ற ஊர், நாள் கணக்கில் கரண்ட் இல்லாம இருந்த அனுபவம் இருக்குன்னா ஜெனரேட்டருக்கு அர்த்தம் இருக்கு.

வீட்டில் யாராவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில் இருந்தால் கணக்கே வேற. 350 வாட்ஸ் மெஷினுக்கு அந்தப் பேட்டரி மூணு மணி நேரம்தான். அங்கே இன்வெர்ட்டரும் வேணும், ஜெனரேட்டரும் வேணும், கைவசம் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் வேணும். இதில் சிக்கனம் பார்க்காதீங்க.

கை வைக்கக் கூடாத இடம்

சிலர் ரெண்டு பக்கமும் பிளக் வச்ச ஒயர் ஒண்ணு செஞ்சு, ஜெனரேட்டரில் இருந்து சுவரில் இருக்கிற 15 ஆம்ப் சாக்கெட்டில் சொருகிடறாங்க. வீட்டில் லைட் எரியும். ஆனா மெயின் ஆஃப் பண்ண மறந்தால், அந்தக் கரண்ட் சர்வீஸ் ஒயர் வழியா தெருவுக்குப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைச்சுத் தர்ற டிரான்ஸ்ஃபார்மர், பின்பக்கமா வந்தால் அதையே ஏத்தி அனுப்பும். புயலுக்கு அப்புறம் லைன்ல கரண்ட் இல்லைன்னு நம்பி கம்பத்துல ஏறி நிக்கிற மின் ஊழியரோட உயிர் போயிடும். அந்த நேரம் மெயின் கரண்ட் திரும்பி வந்தால் உங்க ஜெனரேட்டரும் கருகும்.

இதைத் தடுக்கிறது சேஞ்ச்ஓவர் சுவிட்ச். ஈபி பக்கம் இருந்தால் ஜெனரேட்டர் கட், ஜெனரேட்டர் பக்கம் இருந்தால் ஈபி கட். நியூட்ரலும் சேர்ந்து மாறணும். சிங்கிள் ஃபேஸுக்கு ரெண்டு போல், த்ரீ ஃபேஸுக்கு நாலு போல். அதோட எர்த்திங், சரியான கனத்தில் கேபிள். இதை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர்தான் செய்யணும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள் பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளுக்குத்தான் விலக்கு தருது. வேலை முடிந்ததும் பில் வாங்கி வைங்க. நாளைக்கு தீ விபத்து, இன்ஷூரன்ஸ் கிளெய்ம்னு வந்தால் "ஒயரிங் யார் செஞ்சது?" என்ற கேள்விக்கு உங்க கையில் இருக்கிற பதில் அதுதான்.

அடுத்தது புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. போர்ட்டிகோ, மாடிப்படிக்குக் கீழே, பால்கனி, இதெல்லாம் ஜெனரேட்டர் வைக்கிற இடம் இல்லை. வெட்டவெளியில், ஜன்னலில் இருந்து 20 அடியாவது தள்ளி இருக்கணும். மழைக்காக உள்ளே இழுத்து வச்சு ஓட்டவே ஓட்டாதீங்க.

நீங்களே தாராளமா செய்யக்கூடியவை

• லோட் லிஸ்ட், எதை எப்போ ஆஃப் பண்ணணும்னு ஒரு அட்டவணை
• வெள்ளம் ஏறாத உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை
• குறைந்தது மூணு கொட்டேஷன், அதில் மெஷின், கேபிள், சேஞ்ச்ஓவர், எர்த்திங், கூலி தனித்தனியா
• மாசம் ஒரு தடவை லோடு போட்டு 15 நிமிஷம் ஓட்டிப் பார்ப்பது, ஆயில், பேட்டரி செக்

கடைசியா வரி பத்தி

குடும்ப உபயோகத்துக்கு வாங்கினால் வருமான வரியில் எந்தக் கழிவும் இல்லை. வீட்டிலேயே கிளினிக், டியூஷன், ஆபீஸ் நடத்தி முறையா கணக்கு எழுதறவங்க, தொழிலுக்குப் பயன்படுகிற பங்குக்கு மட்டும் 15% தேய்மானம் காட்டலாம். வாங்கின வருஷம் 180 நாளுக்குக் குறைவா உபயோகிச்சால் அதில் பாதி. உத்தேச வருமான முறையில் ரிட்டர்ன் போடறவங்களுக்கு இது தனியா கிடைக்காது.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கிட்டு வீட்டைச் சுத்தி வாங்க. ஒவ்வொரு சாதனத்தின் பின்னாடியும் வாட்ஸ் போட்டிருக்கும், எழுதுங்க. எது இல்லாம ரெண்டு நாள் ஓட்ட முடியுமோ அதை அடிச்சிடுங்க. மிச்சம் இருக்கிற லிஸ்ட்டோட கடைக்குப் போங்க.