நெல்லின் தாகம் - 7: இலை வாய் மூடும் வேளை

மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் ஏ-32 வீதியில், மன்னார் மாவட்டத்தின் வடக்கெல்லையை அண்டிக் கிடக்கும் வெள்ளாங்குளத்து வயல்களை, மழை விட்டுப் பல நாட்கள் கழிந்த ஒரு மத்தியான வேளையில் பார்ப்பவர், நெல்லின் இலைகளெல்லாம் சுருண்டு ஈர்க்குப்போல் நிற்கக் கண்டு, பயிர் செத்துவிட்டதென்றே முடிவு கட்டிவிடுவர். மறுநாள் விடியற்காலையில் அதே வரம்பில் வந்து நின்றால், சுருண்டவை விரிந்திருக்கும். இலையின் மேற்புறத்து நரம்புகளுக்கிடையே விசிறிபோல் அமைந்த பெருங்கலங்கள் சில உண்டு; நீர் குறைந்ததும் முதலில் அவை தளர, இலை தானே சுருண்டு, வெயில் படும் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. நாம் சாவென்று எண்ணியது, ஜீவனைக் காக்கும் பிரயத்தனமே.

வேர் நீரை உறிஞ்சும் வகையைச் சென்ற வாரம் பார்த்தோம். மண் காயத் தொடங்கியதும் வேரிலும் இலையிலும் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் பெருகுகிறது. பருத்தியின் இளங்காய்கள் உதிரும் காரணத்தைத் தேடிய அமெரிக்க விஞ்ஞானி அடிக்கொட்டும் அவருடைய சகாக்களும் 1963 இல் இதனைப் பிரித்தெடுத்தனர். ஆயினும் கலம் இதனை எவ்வாறு இனங்கண்டுகொள்கிறது என்ற இரகசியம் 2009 வரை துலங்கவில்லை. இலையில் கண்ணுக்குத் தெரியாத சூக்ஷ்மமான துவாரங்களாகிய இலைவாய்கள் ஒவ்வொன்றையும் இரண்டு காவற்கலங்கள் உதடுகள்போல் அணைத்திருக்கின்றன. அவை நீரால் விம்மி நிற்கும்வரை வாய் திறந்திருக்கும். நீர் செழித்த காலத்தில், மூடும்படி ஏவவல்ல புரதத்தை வேறொரு நொதியம் அடக்கி வைத்திருக்கிறது. அப்சிசிக் அமிலம் வந்து தன்னை ஏற்கும் புரதத்துடன் கூடியதும், அந்தக் கூட்டு அடக்கி வைத்த நொதியத்தையே பிடித்துக்கொள்ள, விடுபட்ட புரதம் கலமென்சவ்வின் வாயில்களைத் திறந்துவிடுகிறது. எதிரேற்ற அயன்கள் வெளியேற, அவற்றின் பின்னே பொற்றாசியமும், பொற்றாசியத்தின் பின்னே நீரும் வெளியேற, காவற்கலங்கள் தொய்ந்து வாய் மூடுகிறது. மூளையும் நரம்புமற்ற ஒரு புல், இத்தனை நிதானமான ஏற்பாட்டைத் தனக்குள் வைத்திருப்பதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் நீர் வெளியேறும் வழியே காபனீரொட்சைட்டு உட்புகும் வழியுமாதலால், வாயை மூடிய பயிர் தன் அடுப்பையும் அணைத்துவிடுகிறது. சூரியனோ ஒளியைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. செலவாகாத அந்தச் சக்தி, கலத்தையே அரிக்கும் கொடிய ஒட்சிசன் வடிவங்களைப் பிறப்பிக்கிறது. அவற்றைத் தணிக்க நொதியங்களும், உள்ளிருக்கும் நீரைப் பற்றிக்கொள்ளப் புரோலின் முதலிய பொருள்களும் கலத்தில் திரள்கின்றன. வாடிய புல்லில் புரோலின் மிகுவது 1954 இலேயே அறியப்பட்டதொன்று.

இவ்வளவு உபாயம் தெரிந்த பயிர் தோற்றுப்போகும் இடம் ஒன்றுண்டு. அதுதான் குடலைப் பருவம். கதிர் வெளிப்படுவதற்குச் சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், மூடிய குடலைக்குள்ளே மகரந்தத் தாய்க்கலங்கள் பிரிவடையும் அந்தச் சில தினங்களில் நீர் தவறினால், சர்க்கரையைப் பிளந்து இளமகரந்தத்துக்கு ஊட்டும் நொதியங்கள் குன்றிப்போகின்றன. மாப்பொருள் சேராத மகரந்தம் மலடாகிறது. சூலகம் பெரும்பாலும் பழுதின்றிக் காத்திருந்தும் பயனில்லை. பின்னர் வரம்பு முட்டத் தண்ணீர் பாய்ச்சினாலும், இலை பச்சைபிடிக்குமேயன்றி அந்த மகரந்தம் உயிர்பெறாது. நெல்மணிக்குப் பதிலாகப் பதரைச் சுமந்து, தலை வணங்காமல் நிமிர்ந்து நிற்கும் கதிரைப் பார்க்கும் கமக்காரருக்கு, அந்த இழப்பு எப்போதோ நிகழ்ந்து முடிந்துவிட்டதென்பது அன்றுதான் தெரியவருகிறது.

நல்ல விதையும் துணைசெய்யும். பாக்கு நீரிணைக்கு அப்பால், மானாவாரியை நம்பிய இராமநாதபுரச் சீமைக்கென, பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009 இல் அண்ணா 4 என்ற நெல் வெளிவந்தது. வேரைச் செங்குத்தாக ஆழத்துக்குச் செலுத்தும் பரம்பரையலகு ஒன்றைப் பிலிப்பைன்சின் மேட்டுநில நெல்லொன்றிலிருந்து எடுத்து, ஐஆர் 64 நெல்லில் சேர்த்து, வறட்சியிலும் விளைவு கண்டதாக யப்பானிய விஞ்ஞானிகள் 2013 இல் அறிவித்தனர். எனினும், 2016-17 காலபோகத்தில் இலங்கை கண்டதுபோன்ற கொடிய வறட்சியில் விதை மட்டும் என்ன செய்யும்?

ஆகவே கமக்காரர் அமைப்புகளிடம் ஒரு விண்ணப்பம். மூன்றரை மாத நெல் முளைத்த நாளிலிருந்து ஏறத்தாழ 75 ஆம் நாளில் பூக்கும். காலபோகத்தில் அது மழை ஓயும் தை மாதத்தை ஒட்டியே வருகிறது. குளத்து நீரை இளம்பயிருக்கே கொடுத்துத் தீர்த்துவிடாமல், 60 ஆம் நாள் முதல் 80 ஆம் நாள் வரைக்குமான பங்கை முதலிலேயே ஒதுக்கி வைக்கும்படி, விதைப்புக்கு முன் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே தீர்மானம் செய்யுங்கள்.