மயில் ஏன் மேல் வரிசையில் இருக்கிறது

மயில் வந்து கடலைச் செடியைக் கிளறிப் போட்டால் அதை ஏன் தொடக்கூடாது என்று நரிக்குடிப் பக்கம் கேட்காத சம்சாரி இல்லை. "வனவிலங்குச் சட்டம் வனத்துக்கானதுதானே, இங்க எங்க வனம் இருக்கு?" நியாயமான கேள்வி. டீயைக் குடியுங்க அண்ணாச்சி, அந்தச் சட்டம் வந்த கதையிலிருந்து சொல்றேன்.

1971-ல் டெல்லி வேளாண் அமைச்சகத்தில் வனவிலங்குப் பொறுப்புக்கு வந்தவர் எம்.கே.ரஞ்சித்சிங். மத்தியப் பிரதேச ஐ.ஏ.எஸ். அதிகாரி. மண்டலா கலெக்டராக இருந்தபோதே, கான்ஹாவில் அழியும் நிலையில் இருந்த பாரசிங்கா மான்களுக்காகப் பாடுபட்டவர். வனவிலங்குச் சட்டத்தின் வரைவை எழுதியதில் முதன்மையானவர் அவர்தான். பிரதமர் இந்திரா காந்தியின் ஆதரவும் இருந்தது.

ஆனாலும் டெல்லி நினைத்தவுடன் சட்டம் போட முடியவில்லை. அன்றைக்கு வனமும் வனவிலங்கும் மாநிலப் பட்டியலில் இருந்தன. அரசமைப்பின் 252-ஆம் பிரிவு ஒரு வழி வைத்திருந்தது: இரண்டு மாநிலச் சட்டமன்றங்களாவது கேட்டுத் தீர்மானம் போட்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். அதுவும் கேட்ட மாநிலங்களுக்கு மட்டும். மற்றவை பிறகு ஏற்றுக்கொள்ளலாம். 11 மாநிலங்கள் கேட்டன. 1972 செப்டம்பரில் சட்டம் வந்தது. காட்டு யானைக்காக 1873-லேயே சட்டம் போட்ட மதராஸின் வாரிசான தமிழ்நாடு அந்த 11-ல் இல்லை, பின்னால்தான் சேர்ந்தது. விலங்கின் மேல் பிரியம் உள்ளவர்கள் அன்றும் நிறையப் பேர். அந்தப் பிரியத்தை மாநிலங்கள் சம்மதிக்கிற வாசகமாக எழுதிய உழைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். 1976-ல் அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் வனத்தையும் வனவிலங்கையும் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். வேட்டைத் தடை இடத்தைப் பார்ப்பதில்லை, உயிரைப் பார்க்கிறது. சட்டத்தின் அட்டவணைகளில் பெயர் இருக்கும் உயிர் உங்கள் வரப்பில் நின்றாலும் அதற்குக் காவல் உண்டு. மயில் இருப்பது முதல் அட்டவணையில். அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள்: இரண்டாம் அட்டவணையில் உள்ள காட்டுப்பன்றி பயிரை அழித்தால் அதைக் கொல்ல அதிகாரி அனுமதி தரலாம். முதல் அட்டவணை உயிருக்கு அந்தச் சலுகை கிடையாது. மனித உயிருக்கு ஆபத்து, தீராத நோய் அல்லது ஊனம் என்றால்தான் அனுமதி. மயிலுக்கு விஷம் வைத்துக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை.

மானாவாரிக்காரருக்கு இது கனமான சுமைதான், மறுக்கவில்லை. அதற்காக மயிலைக் கீழே இறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. நாடு முழுக்க விரும்பிக் காக்கும் பறவைக்கு நரிக்குடிச் சம்சாரி மட்டும் ஏன் தீனி போட வேண்டும்? போன கடலைக்கு உரிய பணம் அடுத்த விதைப்புக்கு முன்னால் கைக்கு வரவேண்டும் என்று கேளுங்கள். நானும் கூட வந்து கேட்கிறேன்.