டைமிங்கைக் கூட்டினால் வண்டி பறக்குமா?

அந்தமானில் பழைய புல்லட் ஓட்டுவோர் கவனத்துக்கு

2024 வரை போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தில் சமதளமான சாலை குறைவு. ஜங்லிகாட்டிலிருந்து டெலானிப்பூருக்குப் போனாலும், ஹாடோவிலிருந்து அபர்டீன் பஜாருக்கு வந்தாலும் ஏற்றமும் இறக்கமும்தான். பழைய புல்லட் ஏற்றத்தில் திணறும்போது, "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிவிடுங்கள், வண்டி பறக்கும்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் பிஸ்டன் போய்விடும்.

பொறி ஏன் முந்த வேண்டும்?

பிளக்கில் பொறி விழுந்ததும் பெட்ரோல் கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. தீ பற்றிப் பரவச் சிறிது நேரமாகிறது. அதுவரை எஞ்சின் காத்திருக்காது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும் எஞ்சினில், ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கிராங்க் 18 டிகிரி திரும்பிவிடுகிறது. 1,000 சுற்றில் 6 டிகிரிதான். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுமுன்பே பொறி விழ வேண்டும். வேகம் கூடக் கூட இன்னும் முன்னதாக விழ வேண்டும்.

இந்த முந்துதலைக் கவனிக்க, பாயிண்ட் வைத்த புல்லட்டில் இரண்டு சிறு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. மெக்கானிக் வைப்பது தொடக்க அளவு மட்டுமே. அந்த அளவு மிகச் சிறியது. சென்னை திருவொற்றியூரில் தயாரான 350 சி.சி. புல்லட்டில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். பொறி விழ வேண்டிய இடமோ உச்சிக்குக் கீழே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு! கண் மதிப்பில் வைக்கும் காரியம் அல்ல இது.

மிஞ்சினால் என்ன ஆகும்?

பொறி அளவுக்கு மேல் முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை எரியும் வாயு எதிர்த்துத் தள்ளும். கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். ஏற்றத்தில் டாப் கியரில் த்ராட்டிலைத் திறந்தால் "கிலுகிலு" என்று உலோகச் சத்தம் கேட்கும். இதுதான் நாக்கிங். சத்தத்தைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் சூடு ஏறி, பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழவும் கூடும்.

பொறி பிந்தினாலும் தொல்லைதான். இழுவை குறையும், பெட்ரோல் வீணாகும், எஞ்சினும் சைலன்சர் குழாயும் அளவுக்கு மீறிச் சுடும்.

அப்படியானால் பாதி உண்மை எது? பாயிண்ட்டில் கேமைத் தொட்டு ஓடும் பகுதி நாளடைவில் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், பொறி தானாகவே பிந்தும். அத்தகைய வண்டியின் டைமிங்கை முன்னுக்குக் கொண்டுவந்தால் வேகம் கூடியது போலத் தெரியும். உண்மையில் இழந்த பலம்தான் திரும்பி வந்திருக்கிறது. சரியான அளவைத் தாண்டி மேலும் தள்ளினால் பலம் கூடாது, சூடுதான் கூடும்.

கடல் காற்றின் வேலை

இங்கே மே தொடங்கி டிசம்பர் வரை மழை. மற்ற நாட்களில் உப்புக் காற்று. இரண்டும் பாயிண்ட்டுக்குப் பகை. முனை கறுத்தால் பொறி மங்கும். எடைகள் துருப்பிடித்து, விரிந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் டைமிங் எப்போதும் முந்தியே நிற்கும். எனவே வண்டி இழுக்கவில்லை என்றதும் டைமிங்கில் கை வைக்காதீர்கள். பிளக், ஏர் ஃபில்டர், கார்புரேட்டர், பாயிண்ட் முனை, எடைகள் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

சரி செய்யும் முறை

முதலில், பாயிண்ட் பிளேட் இப்போது இருக்கும் இடத்தில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளுங்கள். தவறினால் பழைய இடத்துக்குத் திரும்பலாம். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

பிறகு பிளக்கைக் கழற்றி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் நிலையில், மெல்லிய கம்பியைத் துளைக்குள் விட்டு உச்சியைக் கண்டுபிடியுங்கள். பிஸ்டனைச் சற்றுக் கீழே இறக்கி, மெல்ல மேலேற்றி, கையேட்டில் சொன்ன அளவில் நிறுத்துங்கள். அந்த இடத்தில்தான் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சாவியைப் போட்டு அம்மீட்டரைப் பார்த்தால் போதும். பாயிண்ட் மூடியிருந்தால் முள் சாய்ந்திருக்கும். திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். பாயிண்ட்டுக்கு இடையே செருகிய சிகரெட் தாள் லேசாக இழுத்ததும் வந்துவிடுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. திருகுகளை இறுக்கிய பின் மறுபடியும் ஒருமுறை சோதியுங்கள். இறுக்கும்போது பிளேட் நகர்வது சகஜம்.

ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். கிலுகிலுச் சத்தம் வந்தால் ஒரு மயிரிழை பின்னுக்கு வாங்குங்கள்.

புது வண்டிகளில் பாயிண்ட் கிடையாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு தயாரானவற்றில் பொறி விழும் நேரத்தை மின்னணுக் கருவியே தீர்மானிக்கிறது. அவற்றுக்கு இந்த வேலை இல்லை.

சென்னையில் பிஸ்டன் போனால் மறுநாளே புதிது வாங்கலாம். இங்கே அது சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் தாண்டி வர வேண்டும். கச்சால், கேம்பல் பே போன்ற இடங்களில் இருப்போருக்கோ இன்னொரு கப்பலும் ஏறி வர வேண்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ ஒரு பாயிண்ட் செட், ஒரு கண்டென்சர், ஒரு ஜோடி எடை ஸ்பிரிங், ஒரு ஃபீலர் கேஜ் வாங்கி வாருங்கள். நான்கும் ஒரு சட்டைப் பைக்குள் அடங்கிவிடும்.