கூடி வாங்கும் விளையாட்டு

தனியொருவரால் தாங்க முடியாத விலையைப் பலர் கூடித் தாங்கலாம் என்னும் உண்மையை நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நூலையும் சாயத்தையும், விதையையும் உரத்தையும் கூடி வாங்கிப் பழகியவர் நாம். இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844ஆம் ஆண்டு நெசவாளர் முதலிய தொழிலாளர் 28 பேர் ஆளுக்கொரு பவுன் சேர்த்து, மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்கும் சிறு பண்டகசாலையைத் திறந்ததும் இவ்வுண்மையை நம்பியே. இன்று அதே முறையை நம் வீட்டு இளைஞர் வேறொரு பொருளில் கையாளத் தலைப்பட்டிருக்கின்றனர். கணினியில் ஆடப்படும் வீடியோ விளையாட்டே அப்பொருள்.

பெரிய நிறுவனங்கள் வெளியிடும் புதிய விளையாட்டு ஒன்று அமெரிக்காவில் 70 டாலர் அளவுக்கு விற்கிறது. நம் நாட்டிலும் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆகவே பிள்ளைகள், "நாலு பேர் சேர்ந்து வாங்குகிறோம், என் பங்கைக் கொடுங்கள்" என்று கேட்கின்றனர். கொடுக்கலாமா, கொடுப்பதாயின் எம்முறையில் கொடுக்கலாம் என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம்.

வாங்குவது யாது?

முன்னாளில் விளையாட்டு ஒரு வட்டில் அடங்கியிருந்தது. ஆடி முடித்தவர் அதனை அண்டை வீட்டாருக்கு இரவல் கொடுக்கலாம். பாதி விலைக்கு விற்கவும் செய்யலாம். 2013ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம், தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் வட்டு இரவலுக்குக் கட்டுப்பாடு விதிக்க முற்பட்டது. மக்கள் கொதித்தெழவே, அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே அத்திட்டத்தைக் கைவிட்டது. ஆயினும், வட்டின் காலம் மெல்லக் குறைந்து, இணையத்தின் வழியே இறக்கிக்கொள்ளும் முறை பெருகிவிட்டது. இதில் கைக்கு வரும் பொருள் ஏதுமில்லை. வாங்குவோர் பெறுவது, குறிப்பிட்ட ஒரு கணக்கின் பெயரில் ஆடுவதற்கான உரிமம் மட்டுமே.

இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று. யூபிசாப்ட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'தி க்ரூ' என்னும் கார்ப் பந்தய விளையாட்டை 2024 மார்ச் 31ஆம் நாள் நிறுத்திவிட்டது. விலை கொடுத்து வாங்கியோரும் அதன் பின் ஆட இயலவில்லை. விற்பவர், தாம் தருவது உரிமமே என்பதைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று கலிபோர்னியா மாநிலம் 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. அது 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. உரிமம் ஒரு கணக்கைச் சார்ந்தது என்பதை மனத்திற் கொண்டாலன்றிச் செலவைப் பங்கிடுவதில் உள்ள சிக்கல் விளங்காது.

பொதுக் கணக்கின் கேடு

இளைஞர் பலர் முதலில் கைக்கொள்ளும் வழி, நால்வர் பணம் சேர்த்து, ஒருவர் பெயரில் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லை நால்வரும் வைத்துக்கொள்வதாகும். இது பினாமிச் சொத்துப் போன்றது. கணக்கு எவருடைய மின்னஞ்சலில் உள்ளதோ அவரே நிறுவனத்தின் பார்வையில் உரிமையாளர். அவர் பிணங்கினாலோ கடவுச்சொல்லை மாற்றினாலோ, பணம் போட்ட மூவரும் முறையிட இடமில்லை. ஏனெனில் கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கொடுப்பதே அந்நிறுவனங்களின் விதிக்கு மாறானது. சேர்ந்த விளையாட்டுகளைப் பின்னர்ப் பிரித்துக்கொள்ளவும் இயலாது. விதிமுறை எழுதாது பணம் திரட்டிய சங்கம் என்னவாகும் என்பதை நம் அங்கத்தினர் அறிவர்.

நேர் வழிகள்

நிறுவனங்களே அனுமதிக்கும் வழிகள் சில உள. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்னும் இணையக் கடையை வால்வ் நிறுவனம் நடத்துகிறது. அங்கு 2024 முதல் நடைபெறும் குடும்பத் திட்டத்தில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை சேரலாம். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒருவர் வாங்கியதை மற்றவர் ஆடலாம். ஆயின் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவரே ஆடலாம். நால்வர் ஒரே விளையாட்டை ஒருங்கே ஆட விரும்பினால் நான்கு பிரதிகள் வேண்டும். வெளியிட்டோர் உடன்படாத விளையாட்டுகள் இப்பங்கீட்டில் அடங்கா.

நின்டெண்டோ நிறுவனம் தன் ஸ்விட்ச் கருவிக்கு 2025இல் ஒரு முறை வகுத்தது. அதன்படி, குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு ஒரு விளையாட்டை 14 நாட்களுக்கு இரவல் தரலாம். அந்நாட்களில் உரியவர் அதனை ஆட முடியாது. தவணை முடிந்ததும் அது தானே திரும்பிவிடும். நூல் நிலையத்தின் வழக்கத்தை ஒத்தது இது.

வெவ்வேறு வீடுகளில் வாழும் நண்பர்க்கு வேறு வழிகள் உண்டு. சுவீடன் நாட்டு ஹேஸ்லைட் நிறுவனத்தார் இருவர் கூடியே ஆட வேண்டிய விளையாட்டுகளை இயற்றுகின்றனர். 'எ வே அவுட்' 2018இலும், 'இட் டேக்ஸ் டூ' 2021இலும், 'ஸ்பிளிட் ஃபிக்ஷன்' 2025இலும் வெளிவந்தன. இவற்றுள் எதனையும் ஒருவர் வாங்கினாற் போதும். நண்பர் இலவச அனுமதிச் சீட்டின் மூலம் உடன் ஆடலாம். ஸ்டீம் கடையிலும், ஒரே திரையில் பலர் ஆடும் விளையாட்டை ஒருவர் வைத்திருப்பின், தொலைவிலுள்ள நண்பரும் இணையத்தின் வழியே சேர்ந்தாட 2019 முதல் வசதி உண்டு.

பணம் சேர்க்காத பங்கீடு

இவ்வழிகளிலும் வாங்கிய விளையாட்டு ஒருவர் கணக்கிலேயே நிற்கும். பாதி விலை கொடுத்த நண்பருக்கு ஆடிய இன்பம் உண்டு, உரிமை இல்லை. ஆகவே பணத்தைத் திரட்டி ஒருவரிடம் கொடுப்பதினும், முறை வைத்து வாங்குவதே சிறந்த பங்கீடாகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரே வீட்டில் அண்ணன் தம்பியரும் சித்தப்பா மக்களுமாக நால்வர் உள்ளனர் என்க. மூன்று மாதத்துக்கு ஒருவராக, 1,500 ரூபாய் விலையுள்ள விளையாட்டை அவரவர் தம் கணக்கிலேயே வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் செலவிட்டது 1,500 ரூபாய்; ஒவ்வொருவரும் ஆடக் கிடைத்தது 6,000 ரூபாய் மதிப்புள்ள நான்கு விளையாட்டுகள். ஒருவர் வேலை நிமித்தம் விலகினால், தாம் வாங்கியதைத் தம்முடன் கொண்டு செல்வார். எவரும் எவர்க்கும் கடன்பட்டிரார். இரு நண்பரும் இவ்வாறே, ஒன்றை ஒருவரும் அடுத்ததை மற்றவரும் வாங்கலாம்.

இதற்கும் விதிமுறை வேண்டும். எதை வாங்குவது என்பதை யாவரும் கூடித் தீர்மானித்தல், யார் எப்பொழுது ஆடுவது என்று நேரம் வகுத்தல், முறை தவறியவர்க்கு மறுமுறை நிறுத்தல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பது நன்று. சேரும் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. ஸ்டீம் குடும்பத்தை விட்டு நீங்கியவர், அதிற் சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு கழியாமல் வேறு குடும்பத்திற் சேர முடியாது; காலியான இடத்தை நிரப்பவும் காத்திருத்தல் வேண்டும். அன்றியும், இரவல் பெற்றவர் ஆட்டத்தில் மோசடி செய்து விலக்கப்பட்டால், அவ்விளையாட்டினின்று உரிமையாளரும் விலக்கப்படலாம். ஒருவர் நாணயம் தவறின் அனைவர்க்கும் இழப்பு என்பது நம் கடன் சங்கங்கள் கற்ற பாடமே.

ஆக்குவோரிடத்தும் கூட்டுறவு

விளையாட்டை வாங்குவோரிடம் மட்டுமன்றி, ஆக்குவோரிடத்தும் கூட்டுறவு நிலவுகிறது. பிரான்ஸ் நாட்டின் போர்தோ நகரிலுள்ள மோஷன் ட்வின், தொழிலாளரே உரிமையாளராய் விளங்கும் கூட்டுறவு நிறுவனம். உறுப்பினர் யாவர்க்கும் சம ஊதியம் என்னும் கொள்கையுடன் அந்நிறுவனத்தார் 2018இல் வெளியிட்ட 'டெட் செல்ஸ்' உலகெங்கும் புகழ் பெற்றது.

ஆகவே, பிள்ளைகள் பங்குத் தொகை கேட்கும்போது, "விளையாட்டுக்கா பணம்?" என்று சினந்து ஒதுக்குவதினும், "எவர் கணக்கில் வாங்குகிறீர்கள்? விலகுவோர்க்கு என்ன ஏற்பாடு? எழுதி வைத்தீர்களா?" என்று கேட்பது பயன் தரும். இக்கேள்விகளுக்கு விடை தேடும் இளைஞர், நாளை நம் சங்கத்தின் பேரேட்டையும் தயக்கமின்றிப் புரட்டுவர்.